மூணு தண்ணி

அந்த ஊரில் கிழவர்களே இல்லாமல் போய்விடும் அபாயம் ஏற்பட்டிருந்தது. சாவால் அல்ல. இளமையால்.

பழைய சோபாக் கடையின் மாடியில் வாரம் மூன்று நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, வயது குறைக்கப்பட்டது. இரண்டு மணிக்கே வரிசை படியிறங்கி, சைக்கிள் கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை நீண்டுவிடும். முழங்கால் வலிக்கிறது என்று மகன் வீட்டு மாடியை நாலு வருஷமாக எட்டிப் பார்க்காதவர்கள்கூட அந்த நாற்பத்திரண்டு படிகளைத் தாவி ஏறினார்கள். சிகிச்சைக்கு முன்பே பலன் தெரிகிறது பாருங்கள் என்று அந்த இடத்தின் மானேஜர் அதையும் விளம்பரத்தில் சேர்த்துக்கொண்டார்.

வயதைக் குறைப்பவருக்குப் புரதச் செம்மல் என்று பட்டம். கொடுத்தது யார் என்று கேட்கக் கூடாது. போர்டு எழுதியவன் கொடுத்தான். போன வருஷம் வரை அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தார். அப்போது தண்ணீரிலிருந்து அழுக்கை எடுப்பதாகச் சொன்னார். இப்போது தண்ணீரை வைத்து முதுமையை எடுப்பதாகச் சொல்கிறார். மனிதர் வளர்ந்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நம்ம உடம்பு பூரா புரதம்," என்று தொடங்குவார். குரல் தேனில் ஊறியது. "ஒவ்வொரு புரதமும் ஒரு சங்கிலி. வருஷம் ஆக ஆக, யாரும் தொடாமலே, தானாவே அதுல ஒரு கண்ணி கோணிக்கும். சர்க்கரை போய் ஒட்டிக்கும். கோணின சங்கிலிதான் சுருக்கம். கோணின சங்கிலிதான் மூட்டுவலி. கண்புரையும் அதேதான். மத்தவங்க மருந்து கொடுப்பாங்க. நான் சங்கிலியை நிமிர்த்துறேன்."

நிமிர்த்தும் முறை எளிது. வாசலிலேயே இடுக்கியால் ஆளுக்கொரு சூடான ஈரத் துண்டு கொடுப்பார்கள். வெள்ளை வெளேரென்று, கமகமவென்று இருக்கும். "கையை நல்லாத் துடைச்சுக்குங்க. புரதத்தைப் பார்க்கிற விஷயம், தூசி இருக்கக் கூடாது." துடைத்த துண்டை மூடிபோட்ட தொட்டியில் போட வேண்டும். கை காய்ந்ததும் திரைகளை இழுத்து விளக்குகளை அணைப்பார்கள். கும்மிருட்டு. அதில் செம்மல் ஒரு ஊதா விளக்கோடு நடந்து வருவார். விளக்குப் பட்ட கையெல்லாம் நீலமும் வெள்ளையுமாகப் பளபளக்கும்.

"பார்த்தீங்களா. அவ்வளவும் கோணின புரதம்."

கூட்டம் முனகும். உதவிக்காரப் பெண் பளபளப்பை ஒரு வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, கையின் வயதைக் கூவுவாள். எழுபத்தொன்பது. எண்பத்தாறு. ஐம்பத்தைந்து வயதான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தொண்ணூற்றொன்று வாங்கினார். அன்றைக்கே உயில் எழுதிவிட்டார்.

பிறகு ஆளுக்கொரு பிளாஸ்டிக் தொட்டியில் 'நிமிர்த்து நீர்'. பத்து நிமிஷம் கையை ஊறவைத்து நன்றாகத் தேய்க்க வேண்டும். மறுபடி ஊதா விளக்கு. பளபளப்பில் மங்கலான ஒரு சுவடுதான் மிச்சம் இருக்கும். "ஐம்பத்திரண்டு" என்று பெண் கூவுவாள். கைதட்டல். அடுத்த வாரம் வந்தால் அதே கை மறுபடியும் பளபளக்கும். "பழைய ஞாபகத்துல திரும்பக் கோணிக்கிச்சு. விடாம வரணும்," என்பார் செம்மல். விடாமல் வந்தார்கள். புறப்படும்போது கண் மங்கியவர்களுக்கு மட்டும் ஒரு சின்னப் புட்டி, கண்ணில் விட்டுக்கொள்ள.

அந்த வரிசையில் மூன்று வாரமாக ஒரு இஸ்திரிக்கார அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் நிற்பது அவளுடைய தங்கைக்குத் தெரியாது.

தங்கை நடத்தும் லாண்டரி ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருந்தது. நாலு பெரிய மெஷின், ஓர் உலர்த்தும் டிரம், ஜன்னலோரம் அக்காவின் இஸ்திரி மேஜை. அங்கே வேலை செய்பவர்கள் முதலாளியம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் மூணுதண்ணி. எந்தத் துணியையும் மூன்று தண்ணீரில் அலசாமல் அவள் வெளியே விட்டதில்லை. சோப்புத்தூளில் துணியை வெள்ளையாகக் காட்ட ஒரு சாயம் கலந்திருக்கிறது. சரியாக அலசாவிட்டால் அது தோலில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். பிரசவ வார்டுத் துணியால் ஒருமுறை குழந்தைகளுக்குத் தடிப்பு வந்தது. அன்றைக்கே அவள் ஒரு ஊதா டார்ச் வாங்கிவிட்டாள். மூன்றாவது தண்ணீரில் கையை விட்டு, காயவைத்து, மூலையில் இருட்டில் நின்று டார்ச் அடிப்பாள். கை மின்னினால் துணி மறுபடி மெஷினுக்குள் போகும். மெஷினை ஓட்டியவர் அன்று முழுக்கத் திட்டு வாங்குவார்.

ஒரு மாதத்துக்கு முன் கோட்டுப் போட்ட ஒருவர் அங்கே வந்தார். செம்மலின் மானேஜர்.

"வாரம் மூணு நாள், நாளைக்கு முந்நூறு கைத்துண்டு. சோப்புத்தூள் ரெண்டு மடங்கு போடணும். அலச வேண்டாம். பிழிஞ்சு, ஈரத்தோட பெட்டியில மூடிக் கொடுத்துருங்க."

"அலச வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஏங்க, கொடுக்கிறது மனுஷங்களுக்குத்தானே?"

"வாசனைக்காக அம்மா. அலசினா வாசனை போயிரும்."

"வாசனை வேணும்னா பூக்கடைக்குப் போங்க. அலசாத துணி இந்தக் கதவைத் தாண்டாது."

மானேஜர் பக்கத்துத் தெரு லாண்டரிக்குப் போய்விட்டார். மூணுதண்ணி அதை மறந்தும் போனாள். உலகத்தில் அலசாமல் போகிற விஷயங்கள் எத்தனையோ. எல்லாவற்றையும் ஒருத்தி ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, கண் டாக்டரம்மா தன் வெள்ளைக் கோட்டுகளை வாங்கிப்போக வந்தார். அன்று கடையே கொதித்துக் கிடந்தது. வக்கீல் ஒருவரின் சட்டை முதுகில் இஸ்திரிப் பெட்டி தன் முழு உருவப்படத்தைப் பதித்திருந்தது. அக்காவுக்குக் கண்புரை, சட்டையும் மேஜைத் துணியும் ஒன்றாகவே தெரிந்தன.

"பார்த்தீங்களா டாக்டரம்மா," என்றாள் மூணுதண்ணி. "வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன் முடிஞ்சாத்தான் எங்க கடையில சட்டைங்க உயிரோட இருக்கும்."

டாக்டர் விழித்தார். "அவங்கதான் ஆபரேஷன் வேணாம்னு போன வாரமே எழுதிக் கொடுத்துட்டாங்களே. கையெழுத்தைக்கூடக் கோட்டை விட்டு ரொம்ப மேல போட்டிருக்காங்க. கோடே தெரியல."

விஷயம் வெளியே வந்தது. புட்டியும் வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அந்தச் செம்மல் சொல்றது பொய்தானே?" என்று கேட்டாள் மூணுதண்ணி.

"பாதி எங்க பாடப்புத்தகத்துல இருக்கு. அதுதான் கஷ்டம். கண் லென்ஸ்ல இருக்கிற புரதம் பெரும்பாலும் பொறக்கும்போதே வந்தது. உடம்பு அதை மாத்துறதே இல்ல. அறுபது வருஷத்துல அது தானாவே கெட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, மங்கிரும். கோணின கண்ணியைச் சரிபண்ண உடம்புக்குள்ளயே ஒரு நொதிகூட இருக்கு. அதையெல்லாம் வெச்சு மருந்து பண்ண முடியுமான்னு சோதனைச் சாலையில எலியோட மல்லுக்கட்டிட்டிருக்காங்க."

"அப்ப மருந்து இருக்கா?"

"எலிக்கே இன்னும் உருப்படியா வரல." டாக்டர் புட்டியை மூடினார். "எனக்குப் பயம் வேற. உங்க அக்கா கண்ணு ஓரம் சிவந்திருக்கு. புரையை எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். இந்தத் தண்ணியால உள்ளே கிருமி போச்சுன்னா, எடுக்கிறதுக்குக் கண்ணே இருக்காது. புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அவங்க இடத்தை யாருக்கும் கொடுக்காம வைக்கிறேன். அதைத் தாண்டினா ஏழு மாசம்."

டாக்டர் போனதும் அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தடவித் தேடி எடுத்தாள்.

"ஏழு மாசத்துல எனக்கு நாப்பது வயசு ஆயிரும். அப்புறம் எதுக்குடி ஆபரேஷன்?"

"அக்கா, உனக்கு அறுபத்து நாலு."

"கைக்கு எண்பத்து நாலு இருந்தது. ஐம்பத்தெட்டுக்கு வந்திருக்கேன். நம்பர் பொய் சொல்லுமா?"

"அவன் சொல்ற நம்பர்தானே."

"லென்ஸை வெட்டி எடுத்துட்டா அப்புறம் எதைப் பழுது பார்க்கிறது? நாளைக்குச் சரியாகப் போற சாமானை இன்னிக்குக் காயலான் கடையில போடுவாங்களா?" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "கண்ணுல கத்திடி. உனக்கென்ன, நீ சொல்லிட்டுப் போயிருவ," என்றாள்.

அதுதான் நிஜம். செம்மல் புரதத்தை நிமிர்த்தினாரோ இல்லையோ, கத்தியைக் காட்டவில்லை. கத்தியைக் காட்டாதவன் சொல்வதெல்லாம் வேதவாக்கு.

அன்று பிற்பகல் மூணுதண்ணியும் அக்காவோடு மாடி ஏறினாள். வாசலில் துண்டை வாங்கியதும் அவள் மூக்கு விடைத்தது. துண்டு வழுவழுவென்று இருந்தது. துடைத்த இரண்டாம் நிமிஷமே உள்ளங்கை அரித்தது. விளக்கு அணைந்தது. செம்மல் வந்தார். முந்நூறு கைகள் பளபளத்தன.

இருபது வருஷமாக லாண்டரி மூலையில் இருட்டில் நின்று, எந்தப் பளபளப்பைப் பார்த்து வேலைக்காரர்களைத் திட்டினாளோ, அதே பளபளப்பு.

இரவு பூரா யோசிக்க ஒன்றும் இல்லை. வீடு திரும்பியதும் அக்காவின் கையில் சோப்புத்தண்ணீர் தடவி, தன் டார்ச்சை அடித்துக் காட்டினாள். கை ஜொலித்தது.

அக்கா அசையவில்லை. "உன் டார்ச் சோப்பைக் காட்டுது. அவர் டார்ச் புரதத்தைக் காட்டுது."

"ரெண்டும் ஒரே டார்ச்சுக்கா."

"ஏண்டி, நீ துணி தோய்க்கிறவ. அவர் புரதம் தோய்க்கிறவர். அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?"

நம்பிக்கையின் அழகே இதுதான். வீட்டில் இருப்பவள் கண்ணெதிரே காட்டினால் அது குதர்க்கம். மாடியில் இருப்பவன் இருட்டில் காட்டினால் அது விஞ்ஞானம்.

மூணுதண்ணி மறுநாள் மானேஜருக்குப் போன் போட்டாள். "அந்தத் துண்டு ஆர்டரை நானே எடுத்துக்கிறேங்க. பக்கத்துத் தெருக்காரரைவிட ரேட்டைக் குறைச்சே போடுறேன். புதன்கிழமையிலிருந்து."

"அலசக் கூடாது, ஞாபகம் இருக்கில்ல?"

"எனக்கா தெரியாது, அலசுறதப் பத்தி?"

புதன்கிழமை காலை முந்நூறு துண்டுகளையும் அவளே மெஷினில் போட்டாள். முதல் தண்ணீர். இரண்டாம் தண்ணீர். மூன்றாம் தண்ணீர். பழக்கதோஷத்தில் நாலாவதும். கையை விட்டு எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள், இருட்டாக இருந்தது. மேலே கொஞ்சம் வாசனைத் திரவம் தெளித்துப் பெட்டியை மூடினாள். ஒரே ஒரு துண்டை மட்டும் மானேஜர் சொன்ன முறைப்படியே, இரண்டு மடங்கு தூள் போட்டு, அலசாமல், தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கூடவே இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள். அது என்ன என்று பிறகு தெரியும்.

மூன்று மணிக்கு மாடி நிரம்பி வழிந்தது. எல்லோரும் துடைத்தார்கள். திரை மூடியது. விளக்கு அணைந்தது. செம்மல் சங்கிலிக் கதையைச் சொல்லி முடித்து, ஊதா விளக்கை முன்வரிசையில் அடித்தார்.

ஒன்றும் இல்லை.

இரண்டாம் வரிசையில் அடித்தார். அங்கேயும் இல்லை. விளக்கைத் தட்டிப் பார்த்தார். தன் சட்டை மேல் அடித்துப் பார்த்தார். வெளுத்த சட்டை சமர்த்தாக மின்னியது. கைகள் மட்டும் மின்னவில்லை. உதவிக்காரப் பெண் வண்ண அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு குறைந்த வயதுக்கு அட்டையில் கட்டமே இல்லை. அட்டைப்படி, அந்த மாடியில் இருந்த யாரும் இன்னும் பிறக்கவில்லை.

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். செம்மல் கெட்டிக்காரர். மூணுதண்ணி இதை எதிர்பார்க்கவில்லை.

"அன்பர்களே," என்றார் அவர், குரல் தழுதழுக்க. "நேத்து ராத்திரி பூரா நான் உங்களை நினைச்சேன். உங்க ஒவ்வொருத்தர் புரதத்தையும் தூரத்துல இருந்தே நிமிர்த்தினேன். பலன் கிடைச்சிருச்சு. இன்னிக்கு இந்தக் கூடத்துல ஒரு கோணல்கூட இல்ல."

கூடம் ஆர்ப்பரித்தது. யாரோ அழுதார்கள். உயில் எழுதிய வாத்தியார், அதைக் கிழிக்கப் போவதாக அறிவித்தார். இருட்டில் அக்கா தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பார்த்தியாடி? நீ சொன்ன சோப்பு எங்கே? உன் சோப்பு எங்கேடி?"

மணி மூன்றே முக்கால். பொய்யைத் தோய்க்கப் போன இடத்தில் அது இன்னும் வெளுத்துப் பளிச்சென்று நின்றது.

மூணுதண்ணி பைக்குள் கையை விட்டாள். இருட்டில் ஏதோ துடைத்தாள். கொஞ்ச நேரம் வாயால் ஊதினாள்.

"ஐயா," என்று கூப்பிட்டாள். "எங்க பக்கம் ஒருத்தர் மட்டும் இருக்கார். அவருக்கும் பாருங்களேன்."

ஊதா விளக்கு திரும்பியது. நீட்டிய ஒரு கை, ஐந்து விரலும் விரிய, நீலமும் வெள்ளையுமாக ஜொலித்தது.

செம்மல் விட்ட மூச்சு கூடம் முழுக்கக் கேட்டது. விளக்குக் கெடவில்லை என்று காட்ட அவருக்கு ஒரு கை தேவைப்பட்டது. "வாங்க, வாங்க. பார்த்தீங்களா, நம்பிக்கை இல்லாத ஒருத்தர் வந்திருக்கார். அதான் நிமிரல. இவர் யாரும்மா?"

"நம்ம லாண்டரியில வேலைங்க. அதிகம் பேச மாட்டார்."

"எத்தனை வருஷமா வேலை?"

"இன்னிக்குக் காலையில சேர்ந்தவர்."

உதவிக்காரப் பெண் அட்டையைப் பார்த்து, நிம்மதியோடு கூவினாள். "எண்பத்து நாலு."

செம்மல் அந்தக் கையை ஒரு விரலால் மேலோட்டமாகத் தொட்டார். "கடுமையா உழைச்ச கை. சர்க்கரை நிறைய ஒட்டியிருக்கு. சரியாத் தூங்கி வருஷக்கணக்காச்சு. மனசுல ஒரு பழைய துக்கம் இருக்கு. சொல்ல மாட்டேங்கிறார்."

"ஆமாங்க, வாயே திறக்க மாட்டேங்கிறார்."

நிமிர்த்து நீர் வந்தது. பார்வையும் பேச்சும் கூட்டத்தின் பக்கமே இருக்க, செம்மலே தன் கைப்பட பத்து நிமிஷம் தேய்த்துவிட்டார். மறுபடி விளக்கு. மங்கலாக ஒரு சுவடு மட்டும்.

"ஐம்பத்தாறு," என்று கூவினாள் பெண்.

"இருபத்தெட்டு வருஷம்," என்றார் செம்மல். "இப்ப எப்படி இருக்குன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

"அவரால முடியாதுங்க," என்ற மூணுதண்ணி, பக்கத்தில் இருந்த ஜன்னல் திரையைச் சரக்கென்று இழுத்தாள்.

பிற்பகல் வெயில் உள்ளே விழுந்தது. புரதச் செம்மல் இரண்டு கையாலும் பாசத்தோடு பிடித்துக்கொண்டிருந்தது ஒரு பிளாஸ்டிக் கையுறை. உள்ளே கந்தல் துணி திணித்து, மணிக்கட்டில் கயிறு கட்டியிருந்தது. விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை.

முதலில் சிரித்தது முன்வரிசையில் இருந்த ஒரு டிக்கெட் பரிசோதகர். முப்பது வருஷம் பொய்ச் சீட்டைப் பார்த்தவர். இந்தச் சீட்டை மட்டும் விட்டுவிட்டோமே என்ற வெட்கம் அந்தச் சிரிப்பில் இருந்தது. பிறகு கூடமே குலுங்கியது. செம்மல் விடவில்லை. "பிளாஸ்டிக்குலயும் நுண்ணிய புரதம்..." என்று ஏதோ தொடங்கினார்.

"சரி, பிளாஸ்டிக்கை விடுங்க," என்று ஒரு குரல் வந்தது. அக்கா.

அவள் தங்கையின் பையைத் தடவி அந்த அலசாத துண்டை எடுத்திருந்தாள். இடது கையை மட்டும் அழுத்தித் துடைத்தாள். வலது கையைத் தொடவில்லை. இரண்டையும் காய விட்டாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. பிறகு அவளே திரையை மூடச் சொன்னாள். ஊதா விளக்கைச் செம்மலின் கையிலிருந்து வாங்கித் தன் கைகள் மேல் பிடித்தாள்.

கண்புரை உள்ளவளுக்கும் அது தெரிந்தது. இடது கை ஜொலித்தது. வலது கை இருட்டில் இருந்தது.

"இடது கைக்கு எண்பத்து நாலு," என்றாள் அக்கா மெதுவாக. "வலது கைக்கு வயசே இல்ல. எனக்குத் தெரிஞ்சு ரெண்டும் ஒண்ணாத்தான் பொறந்துச்சு."

துண்டு கைக்குக் கை மாறியது. டிக்கெட் பரிசோதகர் தன் வழுக்கையைத் துடைத்துக்கொண்டார், வழுக்கை ஒளிர்ந்தது. வாத்தியார் நாற்காலிக் கையைத் துடைத்தார். நாற்காலிக்கும் முதுமை வந்தது. யாரோ விளக்கைப் போட்டபோது செம்மலையும் மானேஜரையும் காணவில்லை. நாற்பத்திரண்டு படிகளையும் அவர்களைவிட இளமையாக யாரும் இறங்கியதில்லை என்று சைக்கிள் கடைக்காரர் பிறகு சாட்சி சொன்னார். உதவிக்காரப் பெண் மட்டும் அட்டையோடு நின்றாள். "எனக்கும் எழுபத்தாறுன்னு சொன்னாருங்க," என்றாள். அவளுக்கு இருபத்திரண்டு.

மணி நாலரை. மூணுதண்ணி அக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா, அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்."

"கத்திடி."

"தெரியும்."

"வலிக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? டாக்டரைக் கேளு. பதில் சொல்வாங்க. லைட்டைப் போட்டுட்டே சொல்வாங்க."

அக்கா அந்தப் புட்டியை இடுப்பிலிருந்து எடுத்து, நிமிர்த்து நீர்த் தொட்டியில் போட்டாள். "நட," என்றாள். ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது அவள் மறுபடி கையெழுத்துப் போட்டாள். இந்த முறையும் கோட்டை விட்டு மேலேதான்.

வியாழக்கிழமை டாக்டர் சிவந்த கண் ஓரத்துக்காக அக்காவைக் கண்டித்துவிட்டு ஒரு வாரம் சொட்டு மருந்து கொடுத்தார். இடத்தை மட்டும் விடாமல் தள்ளி வைத்தார். அடுத்த வியாழன் ஒரு கண், அடுத்த மாதம் இன்னொன்று. முதல் கட்டைப் பிரித்ததும் அக்கா தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி, உனக்கு இவ்வளவு சுருக்கமா? நான் உன்னைச் சின்னப் பொண்ணுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"அது தானாவே கோணினதுக்கா. அதுக்கு மருந்து எலிகிட்டதான் கேக்கணும்."

இப்போது லாண்டரியில் சட்டைகள் உயிரோடு இருக்கின்றன. போன வாரம் உயில் வாத்தியார் துணி போட வந்தார். சோபாக் கடை மாடிக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறாராம். ரத்தத்திலிருந்து துருவை எடுக்கிறாராம்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி, கண்ணாடி வழியாக அவரைக் கூர்ந்து பார்த்தாள்.

"அங்க லைட்டை அணைக்கிறாங்களா வாத்தியாரே?"

"ஆமாம்மா. ஒரு அஞ்சு நிமிஷம்."

"பசங்களுக்கு முப்பது வருஷம் பாடம் நடத்தினீங்களே, ஒரு நாளாவது லைட்டை அணைச்சுட்டு நடத்தினீங்களா?"

வாத்தியார் யோசித்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

புரதத்தை நிஜமாகவே நிமிர்த்தும் மருந்து ஒருநாள் வரலாம். வந்தால் நல்லது, வரிசையில் நாமும் நிற்போம். ஆனால் அன்றைக்கு அதைக் கொண்டு வருகிறவர் திரையை இழுத்து மூடமாட்டார். அதுவரை, யாராவது உங்கள் கையில் ஒரு துண்டைக் கொடுத்து விளக்கை அணைத்தால், ஒரு கையை மட்டும் துடையுங்கள்.